மச்சானின் காசு: படுவான்கரையில் ஒரு மேசன் குடும்பத்தின் கடனும் கைமாற்றும் – நிகழ்வு ஆய்வு

இது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமமொன்றில் 2021 ஒக்டோபருக்கும் 2024 செப்டெம்பருக்கும் இடையில் நடந்தது. குடும்பம் யாரென்று தெரியாதிருக்க வயது, உறவு, தொகை போன்ற விபரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறோம். கடன் வளர்ந்த விதத்தையும் அது தீர்ந்த ஒழுங்கையும் மாற்றவில்லை. கடனில் விழுந்த குடும்பங்களோடு வேலை செய்யும் கள உத்தியோகத்தர்களுக்கும், உதவி செய்ய நினைக்கும் உறவினர்களுக்கும் இது பயன்பட வேண்டுமென்பதே நோக்கம்.

பின்னணி

கணவருக்கு அப்போது 38 வயது. மேசன். இரண்டு கூலியாட்களை வைத்துச் சிறு கொந்தராத்துகளும் எடுப்பவர். மனைவிக்கு 34 வயது. பிள்ளைகள் மூவர், மூத்த மகள் சாதாரண தரத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

இவர்கள் இருப்பது மனைவியின் சீதன வீடு. மட்டக்களப்பு வழக்கப்படி கல்யாணத்தோடு வீடும் வளவும் பெண்ணுக்குப் போகும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். மாமியார் அதே வளவில் அடுத்த வீட்டில் இருக்கிறார். கல்யாணத்தன்று வீட்டுக்குக் குசினியும் விறாந்தையும் இருக்கவில்லை, அவற்றைக் கணவர் தன் உழைப்பில் கட்டினார். பேசும்போதெல்லாம் அவர் முதலில் சொல்வது இதைத்தான். பெண்வீட்டு உதவியை அவர் ஏன் மறுத்தார் என்பதை விளங்க இந்த ஒரு விபரம் போதும். இருக்கும் கூரை ஏற்கனவே பெண்வீட்டாருடையது, சாப்பாடும் அவர்களிடமிருந்து வந்தால் தனக்கென்று அங்கே எதுவும் மிஞ்சாது என்பது அவர் கணக்கு.

மனைவியின் அண்ணன் கட்டாரில் வேலை செய்கிறார். தங்கைமேல் உயிர். கல்யாணமாகிய நாள் முதல் மச்சான்மார் இருவருக்கும் இடையில் சண்டை எதுவும் இருந்ததில்லை.

கடன் வந்த வழி

2021 ஒக்டோபரில் கணவர் 720 சதுர அடி வீடொன்றைச் சாமானும் கூலியும் சேர்த்து 18 இலட்சத்துக்குக் கட்டித்தரப் பேசினார். பேச்சு வாயால்தான். சாமான் விலை ஏறினால் யார் பொறுப்பு என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அப்போது 50 கிலோ சீமெந்து மூடை ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். 2022 நடுப்பகுதியில் அது மூவாயிரம் ரூபாய் அளவுக்குப் போனது. அவர் அத்திவாரமும் லின்டல் மட்டம்வரை சுவரும் முடித்திருந்தார். பூச்சு, நிலம், லின்டல் எல்லாம் மிச்சம், இன்னும் ஏறக்குறைய 130 மூடை தேவைப்பட்டது. சீமெந்தில் மட்டும் இரண்டு இலட்சத்துக்கு மேல் கைநட்டம். கம்பியும் வயரும் ஓடும் அதோடு சேர்ந்தன.

வீட்டுக்காரரிடம் போய்க் கூட்டிக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. சொன்ன சொல்லுக்கு வீட்டை முடித்துக் கொடுத்தார். அதற்கான காசு நான்கு இடங்களில் இருந்து வந்தது. ஹாட்வெயார் கடையில் கடனுக்குச் சாமான் எடுத்தார். 2022 ஜூனில் மனைவியின் சங்கிலியையும் காப்பையும், மொத்தம் இரண்டரைப் பவுண், அடகு வைத்தார்கள். மனைவியின் பெயரில் இரண்டு நுண்கடன் லோன் எடுத்தார்கள். நான்காவதை மனைவி உட்பட யாரும் அறிந்திருக்கவில்லை.

அதே காலத்தில்தான் மத்திய வங்கி 2022 ஏப்ரலில் கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி கூட்டியது. கட்டட வேலை படுத்துவிட்டது. கிழமைக்கு ஆறு நாள் வேலை செய்தவருக்கு மூன்று நாள் கிடைப்பதே பெரிய காரியமானது. மறுபக்கத்தில், கட்டார் றியால் 55 ரூபாயிலிருந்து 100 ரூபாய் வரை ஏறியது. மச்சான் அங்கே ஒரு மணித்தியாலம்கூட அதிகமாக வேலை செய்யாமல் அவர் சம்பளம் ரூபாயில் ஏறக்குறைய இரட்டித்தது. இவருடையது பாதியானது. நேற்றுவரை சமமாக இருந்த இருவருக்கிடையில் ஆறு மாதத்தில் இப்படியொரு பள்ளம் விழுந்ததை உறவினர் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. அவர் மட்டும் அதை ஒவ்வொரு நாளும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறைத்து வாங்கிய உதவி

அண்ணன் 2022 இறுதியில் இரண்டு தரம் உதவ முன்வந்தார். கணவர் இரண்டு தரமும் மறுத்தார்.

இந்த மறுப்பின் விலையை நேரடியாகக் கொடுத்தவர் மனைவி. லோன்கள் அவர் பெயரில் இருந்தன. கிழமைக்கு ஒரு நாள் ஐந்து பெண்கள் கொண்ட குழுவாகக் கூடிக் கட்டுக்காசு கட்ட வேண்டும். ஒருவர் கட்டாவிட்டால் மற்ற நால்வரும் சேர்த்துக் கட்டும்வரை உத்தியோகத்தர் எழும்ப மாட்டார். இரண்டு லோனுக்கும் கிழமைக்கு 3,450 ரூபாய். கணவர் யாரிடமும் கைநீட்டாத மனிதராக ஊரில் நின்றபோது, மனைவி ஒவ்வொரு கிழமையும் நான்கு அயல்பெண்களிடம் கைநீட்டிக்கொண்டிருந்தார். நிலுவை கிறிப் என்று சொல்லப்படும் கடன் தகவல் பணியகப் பதிவில் ஏறுமென்றும், ஏறினால் பிறகு வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டமென்றும் குழுவில் பேச்சு வந்தது.

2023 ஜனவரியில் மனைவி அண்ணனிடம் 100,000 ரூபாய் வாங்கினார். காசு தங்கையின் வங்கிக் கணக்குக்கு வந்தது. நிலுவையைக் கட்டிவிட்டுக் கணவரிடம் சீட்டுக் காசு விழுந்ததாகச் சொன்னார்.

மார்ச்சில் உறவுக்குள் ஒரு சாமத்திய வீடு, அதாவது பூப்புனித நீராட்டு விழா. சமையல் இடத்தில் அண்ணனின் மனைவி பேச்சுவாக்கில் "நாங்களும் எங்களால ஏலுமானதச் செய்யிறம்தானே" என்றார். பக்கத்தில் தண்ணீர் எடுக்க வந்த கணவர் கேட்டுவிட்டார். சாப்பிடாமல் புறப்பட்டவர், வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருக்கும் தன் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். பெண்வீட்டில் குடியிருக்கும் மாப்பிள்ளை தாய்வீட்டுக்குப் போய்த் தங்கினால் ஊர் அதைப் பிரிவு என்றுதான் படிக்கும். மூன்று கிழமையாகியும் அவர் வரவில்லை. அந்த மூன்று கிழமைக்குள் மனைவி எங்கள் குடும்பக் கடன் ஆலோசனைக் குழுவிடம் வந்தார்.

நாம் கண்டவை

கணவரை அலுவலகத்துக்கு அழைக்கவில்லை, அழைத்தாலும் வந்திருக்க மாட்டார். அவருடைய தாய்மாமன் வழியாகச் செய்தி அனுப்பி, வேலை முடிந்து சாந்தகப்பையும் மட்டப்பலகையும் கழுவும் நேரத்தில் வேலைத்தளத்திலேயே சந்தித்தோம். தாய்மாமனைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இங்கே குடி என்னும் தாய்வழி வம்சத்தில் மாமனின் சொல்லுக்குப் பாரம் கூட. அவர் கணவரின் குடியைச் சேர்ந்தவர். பெண்வீட்டுக்காகப் பேச வந்தவர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது.

முதல் சந்திப்பில் உதவியைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த 18 இலட்ச வீட்டில் என்ன நடந்தது என்று மட்டும் கேட்டோம். அவர் மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியிலிருந்து ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்துத் தந்தார். ஒவ்வொரு சீமெந்து மூடையும் திகதியோடு பென்சிலில் எழுதப்பட்டிருந்தது. 2022 ஏப்ரலுக்குப் பிறகு விலை எழுதும் நிரல் மட்டும் வெறுமையாக இருந்தது. மூடையை எண்ணியிருக்கிறார், விலையை எழுதக் கை வரவில்லை.

உதவியைப் பற்றிய பேச்சு இரண்டாவது சந்திப்பில் அவர் வாயிலிருந்தே வந்தது: "மச்சான் நல்லவன்தான். அவன்ட பொஞ்சாதி நாளைக்கு நாலு பேருக்கு முன்னுக்குச் சொல்லிக்காட்டினா, நான் எந்த முகத்தோட இந்த வளவுக்குள்ள இரிக்கிற?"

இதில் இரண்டு விடயம் தெளிவானது. காசை வாங்குவதில் அவருக்கு இருந்த கூச்சத்தைவிட, அது எப்போது யார் வாயால் திரும்பி வரும் என்ற பயமே பெரிது. அந்தப் பயம் கற்பனையும் இல்லை, சாமத்திய வீட்டில் அது நடந்தே விட்டது. ஆகவே "வீண் கௌரவம் பார்க்கிறார்" என்று அவரைத் திருத்தப் போவதால் பயனில்லை என்று முடிவு செய்தோம். சொல்லிக்காட்ட இடமில்லாத ஒரு வடிவத்தை உதவிக்குக் கொடுப்பதுதான் செய்யக்கூடிய வேலை.

மூன்றாவது சந்திப்பில், 2023 மே மாதத்தில், கணவன் மனைவி இருவரையும் மாமன் வீட்டில் இருத்திக் கடன் முழுவதையும் ஒரே தாளில் எழுதினோம். அதற்கு முன் கணவரைத் தனியே கூப்பிட்டு, மனைவிக்குத் தெரியாத கடன் ஏதும் உண்டா என்று கேட்டோம். இந்தக் கேள்வியை எப்போதும் தனியேதான் கேட்க வேண்டும், இருவரையும் வைத்துக்கொண்டு கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். இருந்தது. 50,000 ரூபாய் மீற்றர் வட்டிக்கு, மாதம் நூற்றுக்குப் பத்து. எட்டு மாதமாக மாதம் 5,000 கட்டியும் முதல் ஒரு சதமும் குறையவில்லை. அதை அவரே மனைவியிடம் சொன்னார். அவர் மறைத்ததும் இவர் மறைத்ததும் ஒரே மேசைக்கு வந்தபோது கோபத்தின் சூடு இறங்கியது.

தாளில் வந்த கணக்கு: ஹாட்வெயார் கடை 285,000. அடகு முதல் 250,000, 24 சதவீத ஆண்டு வட்டியில் பதினொரு மாதத்துக்கு 55,000. நுண்கடன் மிச்சம் ஒன்றில் 64,000, மற்றதில் 38,000. மீற்றர் வட்டி 50,000. மொத்தம் 742,000 ரூபாய். வரவு கிழமைக்கு 9,000 முதல் 10,000. சமையலுக்கும் ரியூசனுக்கும் லைற் பில்லுக்குமே அது போதாது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் அடைக்க வேண்டியது மீற்றர் வட்டி. அதற்குப் பெண்வீட்டுக் காசில் ஒரு ரூபாயும் தொடவில்லை. கணவரின் தாயார் பெரும்போக நெல் விற்ற காசில் 40,000 தந்தார், மீதி 10,000 கணவர் வேலை செய்த இடங்களில் வரவேண்டியிருந்த கூலியை வாங்கிப் போட்டார். உதவி இரண்டு பக்கத்திலிருந்தும் வரவேண்டும் என்பதில் நாம் உறுதியாக இருந்தோம். தொகை சமமாக இருக்கத் தேவையில்லை. தன் பக்கமும் நின்றது என்று அவர் சொல்லக்கூடியதாக இருந்தால் போதும்.

அடுத்தது எது என்பதில் கருத்து வேறுபாடு வந்தது. தங்கையின் நகை ஏலம் போய்விடக் கூடாது, முதலில் அடகை மீட்க வேண்டும் என்றார் அண்ணன். நாம் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று இலட்சம் கொடுத்து மீட்டால் நகை பெட்டிக்குள் போகும், வருமானம் ஒரு சதமும் கூடாது. ஹாட்வெயார் கடனுக்கு வட்டி இல்லைத்தான். ஆனால் அந்தக் கடை கதவைத் திறக்காதவரை அவரால் ஒரு கொந்தராத்தும் எடுக்க முடியாது. வட்டியில்லாத கடன் கடைசி என்பது பொதுவான ஒழுங்கு, தொழிலை அடைத்து நிற்கும் கடனுக்கு அது பொருந்தாது. எனவே அடகுக்கு 55,000 வட்டி மட்டும் கட்டித் தவணை முடியுமுன் புதுப்பித்தோம். புதுப்பிக்கும்போது சங்கிலிக்கு 150,000, காப்புக்கு 100,000 என்று இரண்டு அடகுச் சீட்டாகப் பிரித்து எழுதுவித்தோம். ஒரே சீட்டாக இருந்தால், பிறகு ஒன்றை மட்டும் மீட்க நினைத்தாலும் முழுத் தொகையையும் புரட்ட வேண்டிவரும்.

கடைக்கு 150,000 கட்டி, மிச்சம் 135,000ஐ மாதம் 7,500 படி கட்டுவதாகப் பேசினோம். கடைக்காரர் கைக்காசுக்குச் சாமான் தர ஒத்துக்கொண்டார். 64,000 லோனை முழுதாக முடித்தோம், 38,000 லோனுக்குக் கிழமை 1,450 தொடர்ந்து கட்டுவதென்று விட்டோம். இரண்டையும் ஒரேயடியாக அடைக்கக் காசு இருக்கவில்லை. ஒன்று நின்றாலே குழுவில் மனைவியின் தலை நிமிர்ந்துவிடும்.

இவ்வளவுக்கும் அண்ணனிடமிருந்து தேவைப்பட்டது 269,000. அவர் அதை அன்பளிப்பாகத் தர விரும்பினார், ஜனவரியில் தந்த ஒரு இலட்சத்தையும் மறந்துவிடச் சொன்னார். கணவர் அந்த ஒரு இலட்சமும் எழுதப்பட வேண்டும் என்றார். நாம் கணவர் பக்கம் நின்றோம். மறந்துவிட்டதாகச் சொல்லும் காசுக்குத் தவணை இல்லை, முடிவும் இல்லை, அது எந்தக் கொண்டாட்டத்திலும் எழும்பி வரலாம். ஆகவே மொத்தம் 369,000 ரூபாய், வட்டியில்லாக் கைமாற்று.

எழுத்து ஒரு பக்கம்தான், இரண்டு பிரதி. வாக்குறுதிப் பத்திரம் எழுதலாமா என்ற கேள்வி வந்தது. அது வழக்குக்குப் போவதற்கான கடதாசி, மச்சான்மாருக்கிடையில் அது நம்பிக்கையின்மையை எழுதி வைப்பதாகிவிடும் என்று விட்டுவிட்டோம். எழுதியவை: தொகை, வட்டி இல்லை என்பது, மாதம் 10,000, முதல் தவணை 2023 ஒக்டோபர், ஆண்டில் இரண்டு மாதம் தவறலாம் ஆனால் 5ஆம் திகதிக்குள் அறிவிக்க வேண்டும் என்பது, கடைசித் தவணையன்று இரண்டு பிரதியிலும் "முடிந்தது" என்று இருவரும் ஒப்பமிட வேண்டும் என்பது. இன்னொரு வரிக்குத்தான் அதிக நேரம் போனது. இந்தக் கைமாற்றை அறிந்தவர்கள் இரண்டு தம்பதியரும் மாமனும் மட்டும், குடும்ப வைபவங்களிலும் வாட்ஸ்அப் குழுவிலும் இதைப் பேசுவதில்லை என்று எழுதினோம்.

காசு கணவரின் கைக்கும் வரவில்லை, மனைவியின் கைக்கும் வரவில்லை. கடைக்கும் வங்கிக்கும் லோனுக்கும் மாமனே கொண்டுபோய்க் கட்டிப் பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டினார். திருப்பிக் கட்டுவதும் இலங்கையிலுள்ள அண்ணனின் வங்கிக் கணக்குக்கு நேரே. மாமியாரிடம் கொடுத்துவிடலாமே என்று ஒரு யோசனை வந்தது. மாதாமாதம் மாப்பிள்ளை மாமியாரிடம் போய்க் காசு எண்ணிக் கொடுப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் அது அங்கேயே நின்றுவிட்டது.

அண்ணனுக்கு ஒரு வளவு இருந்தது. அதற்கு மதில் கட்டிக் கடனைக் கழிக்கலாம் என்ற யோசனையையும் அப்போது ஏற்கவில்லை. கூலி எவ்வளவு, சாமான் யாருடையது, மதிலில் வெடிப்பு வந்தால் யார் பொறுப்பு என்ற ஒவ்வொரு கேள்வியும் கடன் கணக்கோடு சிக்கிக்கொள்ளும்.

கணவர் ஒப்பமிடுமுன் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மாமன் சொன்னது: "வாங்கிற கையப் பத்தி யோசியாத மருமகன், எந்த மாசம் குடுத்து முடிப்பாய் எண்டு யோசி."

பின்னர் நடந்தவை

அந்தக் கிழமையே அவர் வீட்டுக்குத் திரும்பினார். அம்மன் கோயிலின் வைகாசிக் குளிர்த்திச் சடங்குக்குத் தன் குடியின் பங்காக முந்திய ஆண்டு 25,000 ரூபாயை, அதுவும் கடன்பட்டு, கொடுத்தவர், இந்த ஆண்டு அம்மன் கோயில் படிக்கட்டைத் தன் கையால் பூசிக் கொடுத்தார். யாரும் குறையாக எடுக்கவில்லை.

ஒக்டோபர், நவம்பர் தவணைகள் ஒழுங்காகப் போயின. டிசம்பரிலும் ஜனவரியிலும் போகவில்லை. மாரி மழை. பூச்சு வேலை காயாது, அத்திவாரக் குழியில் தண்ணீர் நிற்கும், மேசனுக்கு அந்த மாதங்களில் வருமானமே இல்லை. அறிவித்துத் தவறலாம் என்று தாளில் இருந்தும் அவர் அறிவிக்கவில்லை, வெட்கம். மச்சானின் அழைப்பையும் எடுக்கவில்லை. இதற்கிடையில் மாமியார் அயலில் யாரிடமோ "மகன்தான் இவங்களத் தூக்கி விட்டவன்" என்று சொன்னது அவர் காதுக்கு வந்தது. உடனே வேறொரு லோன் எடுத்து முழுக் கைமாற்றையும் அடைக்கப் புறப்பட்டார். விண்ணப்பப் படிவம்வரை போய்விட்டது. மாமன் தலையிட்டு நிறுத்தினார். அண்ணனும் தாயோடு தனியே பேசினார்.

2024 பெப்ரவரியில் தவணையை மாற்றினோம். பெப்ரவரி முதல் செப்டெம்பர் வரை மாதம் 15,000, ஒக்டோபர் முதல் ஜனவரி வரை ஒன்றும் இல்லை. ஆண்டுக்கு வருவது அதே 120,000தான். அதன்பிறகு ஏப்ரலில் வருசப் பிறப்புச் செலவால் பாதி மட்டும் கட்டினார், இந்தமுறை 2ஆம் திகதியே அறிவித்தார். 2024 செப்டெம்பர் முடிவில் கட்டியது 132,500, மிச்சம் 236,500.

38,000 லோன் 2023 டிசம்பரோடு முடிந்தது. மனைவி குழுவிலிருந்து விலகிக்கொண்டார். 2024 ஜூனில் காப்பை மீட்டு விற்றார்கள். 165,000 வந்தது. புதுப்பித்த சீட்டுகளின் 20 சதவீத ஆண்டு வட்டிப்படி, காப்புச் சீட்டுக்கு முதலும் வட்டியுமாக 120,000, சங்கிலியின் ஆண்டு வட்டி 30,000 போக மிஞ்சிய 15,000 கடைக்குப் போனது. கடைக்கடன் செப்டெம்பரில் தீர்ந்தது. சங்கிலி இன்னும் அடகில் இருக்கிறது. காப்பை விற்றதில் மாமியாருக்கு மிகுந்த மனவருத்தம், அது தீரவில்லை.

மச்சான் விடுமுறையில் வந்தபோது மதில் வேலையைக் கணவரே எடுத்தார். தனி முற்பணம், தனி அளவு, சந்தை விலை. கைமாற்றிலிருந்து அதில் ஒரு ரூபாயும் கழிக்கவில்லை. சாமான் விலை பத்து சதவீதத்துக்கு மேல் ஏறினால் மீண்டும் பேசுவது என்று இம்முறை எழுதிக்கொண்டார். அண்ணியின் வீட்டுக்கு அவர் இன்னும் சாப்பிடப் போவதில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

கொடுப்பவரின் துணையை ஆரம்பத்திலேயே உட்கார வைக்க வேண்டும். அண்ணனின் ஒரு இலட்சம் அவர் மனைவியின் காசும்தான். அவரிடம் கேட்டுக் கொடுத்திருந்தால் சாமத்திய வீட்டில் அந்தப் பேச்சு வந்திருக்குமா என்பது சந்தேகம். இந்த நிகழ்வில் அவரை மே மாதத்தில்தான் சேர்த்தோம். மாமியாரையோ பட்டியலுக்கு வெளியே விட்டோம். ஒரே வளவில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தவராகச் சேர்த்து, பேசுவதில்லை என்று அவரிடமும் வாக்கு வாங்கியிருக்க வேண்டும்.

தவணையைத் தொழிலின் காலத்துக்கு எழுத வேண்டும். மேசனுக்கு மாரி வெறுமை. நெல் செய்பவரிடம் பெரும்போகமும் சிறுபோகமும் வெட்டிய பிறகே காசு இருக்கும். மாதச் சம்பளக்காரருக்கான தவணையை இவர்கள்மேல் வைத்தால் மூன்றாம் மாதமே தவறும், தவறியவுடன் பழைய வெட்கம் திரும்பும்.

மனைவியிடம் ஒருபோதும் "அவருக்குத் தெரியாமல் வாங்குங்கள், பிறகு பார்க்கலாம்" என்று சொல்லக் கூடாது. உறவினர் பலர் அன்பில் சொல்வது இதைத்தான். பிள்ளைகளின் சாப்பாடு அல்லது மருந்து நின்றுவிட்ட நிலையில் வாங்கத்தான் வேண்டும், ஆனால் அன்றிரவே சொல்லிவிட வேண்டும்.

இந்த வழி எல்லாக் குடும்பத்துக்கும் பொருந்தாது. காசு மதுவிலோ சூதிலோ போகிறது என்றால் கைமாற்று அந்த ஓட்டைக்குள்தான் போகும், முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். மனைவியின்மேல் அடியோ மிரட்டலோ இருந்தால் கணவனின் கௌரவத்தைக் காப்பாற்றும் பேச்சுக்கே இடமில்லை. பிரதேச செயலகத்து மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமோ 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்திலோ பாதுகாப்பைக் கேட்பதுதான் முதல் வேலை. இந்தக் குடும்பத்தில் அப்படி எதுவும் இல்லை என்பதை மனைவியிடம் இரண்டு தரம், தனியே, வேறு வேறு நாளில் கேட்டு உறுதி செய்த பின்னரே கணவரைச் சந்திக்கப் போனோம்.